விடுவும் வீடும்: சுந்தரத்துக்கு ஒரு கடிதம்

திருவரங்கம்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடக்கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு சொட்டு மருந்துக்கு மணி பார்த்தே பொழுது போய்விட்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது எழுத்து நன்றாகத் தெரிகிறது. உன் கையெழுத்துத்தான் முன்பைவிட மோசமாகியிருக்கிறது என்பதும் அதனால் தெரிகிறது.

மலேசியாவின் கிள்ளானில் மகன் வீட்டில் உனக்கு எல்லா வசதியும் இருந்தும், பேரன் காலையிலிருந்து இரவுவரை ராப் பாட்டைப் போட்டு உயிரை எடுக்கிறான் என்று எழுதியிருந்தாய். “இதெல்லாம் பாட்டா, தெருச்சண்டையா, முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நீ, தீர்ப்புச் சொல்” என்று வேறு கேட்டிருந்தாய். போன வருடம் கேட்டிருந்தால் தெருச்சண்டைதான் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பேன். இடையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் என் நிம்மதியைக் கெடுத்துவிட்டதால், பதில் அவ்வளவு சுருக்கமாக வராது.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தப் பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு நாள் மதியம், கொளுத்துகிற வெயிலில், அவர்கள் வீட்டு உள்ளறையில் கம்பளிப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவன் முணுமுணுப்பதைப் பார்த்துக் காய்ச்சலோ என்று பயந்து உள்ளே போனேன். போர்வைக்குள் அலைபேசியை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தான். சுவரில் பட்டுக் குரல் எதிரொலிக்காமல் இருக்கப் போர்வை உதவுமாம். அன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, “பதினாறு பார் எழுதியிருக்கேன், பிழை இருந்தா சொல்லுங்க சார்” என்று நீட்டினான். அவர்கள் கணக்கில் ஒரு பார் என்பது நான்கு தட்டு. மிருதங்கக்காரனான உன் மொழியில் சொன்னால் சதுஸ்ரத்தில், அதாவது நான்காகப் போகும் நடையில், ஒரு தகதிமி.

அந்தத் தாளில் எழுத்துப் பிழை நிறைய இருந்தது. என் கண்ணில் பட்டது வேறொன்று. பதினாறு வரியில் பன்னிரண்டு வரி “வந்தேன், ஜெயிச்சேன், சிரிச்சேன், முறைச்சேன்” என்று முடிந்தன. ரைம் எப்படி சார் என்று பெருமையாகக் கேட்டான். தம்பி, இது உன் ரைம் இல்லை, தமிழ் உனக்கு இலவசமாகக் கொடுத்தது என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் இன்றைய பிரபலமான தமிழ் ராப் பாடல்களைப் பற்றி எனக்குள்ள முதல் குறையும் இதுதான், சுந்தரம். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அந்த வினையின் கடைசியில் ஏன், ஆன், ஆள், ஆர் என்று விகுதி வருகிறது. ஆகவே ‘நான்’ என்று தொடங்கினால் எந்த வரியும் ‘ஏன்’ என்றுதான் முடியும். ஆங்கிலத்தில் சொல் இறுதிகள் அப்படி ஒத்துப்போவதில்லை. அங்கே ஒரு ராப்பர் வரிக்கு வரி இறுதி ஒலியைப் பொருத்துவது உழைத்துச் சம்பாதித்த காசு. இங்கே அது கீழே கிடக்கிற காசு. அதனால்தான் நம் யாப்பிலக்கணக்காரர்கள் வரியிறுதி ஒலி ஒத்துப்போகும் இயைபைத் தொடைகளில் ஒன்றாக எண்ணிவிட்டு, பெருமையையெல்லாம் எதுகைக்கும் மோனைக்கும் கொடுத்தார்கள். வரியின் தலையில் இரண்டாம் எழுத்தைப் பொருத்துவதற்குச் சொல்வளம் வேண்டும். வாலில் விகுதியைப் பொருத்துவதற்கு வாய் இருந்தால் போதும். போதாக்குறைக்கு, விகுதிகூட அமையாத இடத்தில் ஒரு ‘டா’வைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்திலேயே கெட்டிக்காரர்கள் வரியிறுதியோடு நின்றுவிடவில்லை. 1987இல் ‘பெய்ட் இன் ஃபுல்’ தொகுப்பில் ராகிம் என்பவர் வரியின் நடுவிலும் ஒலிகளைக் கோத்துக் காட்டினார்; சாக்ஸபோன் வாசித்த பழக்கத்தை நாவுக்குக் கொண்டுவந்தவர் அவர். நம் பிள்ளைகள் அங்கிருந்து தொப்பியையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்ட அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது குறை காதில் உறுத்துவது. உனக்கு இது உடனே பிடிபடும். ஆங்கிலம் சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்லும் மொழி. அழுத்துகிற இடமும் ஸ்நேர் முரசு விழுகிற இரண்டாம், நான்காம் தட்டும் பொருந்தும்போது ராப் துள்ளுகிறது. தமிழில் பொருளைப் பிரிப்பது அழுத்தமன்று, குறிலும் நெடிலும். அமெரிக்கப் பாட்டின் நடையை அப்படியே வாங்கித் தமிழை அதில் திணிக்கும்போது, தட்டு விழுகிற இடத்தில் குறில் நீள்கிறது, நெடில் நசுங்குகிறது. பையன் பதிவு செய்ததைக் கேட்டேன். ‘என்னை விடு’ என்று எழுதியிருந்தான். காதில் ‘என்னை வீடு’ என்று விழுந்தது. எடுத்துச் சொன்னதும், “வள்ளுவரே கெடுப்பதூஉம்னு இழுக்கலையா சார்?” என்று கேட்டானே பார்க்கலாம். பத்தாம் வகுப்பில் எவரோ அளபெடையை ஒழுங்காக நடத்தியிருக்கிறார். வள்ளுவர் இழுத்த பிறகும் கெடுப்பது கெடுப்பதாகவே இருக்கிறது, நீ இழுத்ததும் விடு வீடாகிவிட்டதே என்றேன். யோசித்துவிட்டு, பாதி சரி என்பதுபோலத் தலையாட்டினான். இன்று லட்சக்கணக்கானோர் கேட்கும் பாட்டுகளிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. வரிகளைத் திரையில் எழுதிக் காட்டினால்தான் சொல் விளங்குகிறது என்றால் அது பாட்டுக்காரனின் தோல்வி அல்லவா?

இதைக் கேட்டு நீ மகிழ்ந்துவிடாதே. ‘ராப்பெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது, அருணகிரிநாதர்தான் முதல் ராப்பர்’ என்று மேடையில் கைதட்டு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு அதைவிட எரிச்சல் வருகிறது. ராப் பிறந்த இடம் தெரிந்த இடம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தைத்தான், ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். கையில் காசில்லாத கறுப்பின இளைஞர்களும் புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் வளர்த்த கலை அது. அதைப் பிடுங்கித் திருப்புகழுக்குப் பட்டா போட வேண்டியதில்லை. ஆனால் ‘முத்தைத்தரு’ பாடத் தெரிந்த நாக்குக்கு எந்த வேகமும் கடினமில்லை என்பது வேறு செய்தி. அதைப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் பேரன் கேட்பதாக நீ குறிப்பிட்ட ‘நா ரெடி’, விஜய் நடித்த ‘லியோ’ படப் பாட்டு, 2023இல் வந்தபோது, மதுவையும் புகையையும் கொண்டாடுகிறது என்று புகார் எழுந்து, காணொளியில் எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். எனக்கு ஒழுக்கத்தைவிடப் பாட்டின் அமைப்பில்தான் குறை. அசல் கோளாறு என்ற இளைஞருக்கு அதில் கிடைத்த இடம் சிறியது. நட்சத்திரத்தின் நடைக்கு இடையே கொஞ்சம் காரம் சேர்க்கிற இடம். இன்றைய திரைப்பாட்டில் ராப்பரின் நிலை பெரும்பாலும் கறிவேப்பிலைதான். வாசனைக்கு வேண்டும், இலையில் விழுந்ததும் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். அரை நிமிடத்தில் எவனால் என்ன சொல்ல முடியும்? ‘நான் வந்துட்டேன், வழி விடு’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். தற்புகழ்ச்சி இந்தக் கலையின் மரபு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்தவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பதையாவது சொல்ல வேண்டாமா?

பெண்களைப் பற்றிய பேச்சு அதைவிட மோசம். 2011 வாக்கில் ஹிப்ஹாப் தமிழா குழுவைப் பிரபலமாக்கிய ‘கிளப்புல மப்புல’ பாட்டை நினைத்துப் பார். குடிக்கிற பெண்ணைப் பார்த்துப் பண்பாட்டுப் பாடம் நடத்தியது அது. குடிக்கிற ஆண்களுக்கான பாடம் எங்கே என்று என் மகள் அப்போதே கேட்டாள், என்னிடம் பதிலில்லை. அதே குழுவின் ஆதி பிற்பாடு தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடி ‘தமிழி’ என்ற ஆவணத்தொடர் எடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நல்லதைச் சொல்கிறேன். நீ இப்போது இருக்கும் மண்ணிலிருந்துதான் அது தொடங்கியது. கோலாலம்பூரின் யோகி பி என்ற ராப்பர், நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பை உன் பேரனிடம் கேட்டு வாங்கிக் கேள். 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, அதன்மேல் தமிழை ஓடவிட்டார்கள். அதற்கு முன் நமக்கு ராப் என்றால் 1994இல் ‘காதலன்’ படத்தில் வந்த ‘பேட்டை ராப்’தான்; பொன்மலைப் பணிமனையிலிருந்து நீ அதைத் தாளம் போட்டுக்கொண்டே சைக்கிளில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது, மறுக்காதே. அது வேடிக்கை. மலேசியக்காரர்கள்தான் அதைத் தொழிலாகச் செய்து காட்டினார்கள்.

அதற்குப் பிறகு என்னை உட்கார வைத்த பாட்டு என்றால் அது 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. அறிவு என்ற ராப்பர் தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை வைத்து எழுதியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்துவிட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் ‘உன் நாடு இதுவன்று’ என்று கப்பலேற்றப்பட்ட மக்களின் கதை. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசுகளும் கூடிப் பேசி எண்ணி எழுதிய ஒப்பந்தம் அது. இந்தக் கனத்தை அந்தப் பாட்டு புலம்பலாகவும் சுமக்கவில்லை, கோஷமாகவும் சுமக்கவில்லை. ஒப்பாரியின் இழுப்பை எடுத்து ஆட்டத்துக்குள் வைத்தது. மரம் வளர்த்துத் தோட்டம் போட்டவளுக்குத் தொண்டை நனையவில்லை என்ற பொருளில் ஓர் இடம் வரும். ‘தோட்டம்’ என்ற சொல்லை அடுத்துத் ‘தொண்டை’ என்ற சொல் வந்து விழுவதைக் கவனித்துக் கேள், தோவுக்குத் தொ. மோனை என்று எவரும் அதற்குப் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பாரி வைத்த கிழவிகளின் நாக்கிலிருந்து நேரே வந்தது. நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதி விளக்கியதை அந்தப் பாட்டு இரண்டு நொடியில் விளக்கிவிட்டது. இத்தனைக்கும், 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது எழுதியவர் மேடையில் இல்லை. கறிவேப்பிலை என்று மேலே எழுதினேனே, அதன் சோகமான பக்கம் இது.

ஆங்கிலத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் பையன் எனக்குக் காட்டினான். 2024 மே மாதம் கென்ட்ரிக் லமார் என்பவர் டிரேக் என்ற இன்னொரு பாடகரைத் திட்டிப் பாடிய ‘நாட் லைக் அஸ்’ மறு ஆண்டு ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது. டிஸ் என்கிறார்கள் இதை. நமக்குத் தெரிந்த பெயர் வசைப்பாட்டு. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதன்மேல் மிகக் கடுமையான குற்றங்களைச் சுமத்தும் வரிகளை அரங்கம் நிறைந்த கூட்டம் குதித்துக்கொண்டு கூடப் பாடுவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காளமேகமும் வைதவர்தான், திருமலைராயன் பட்டினத்தில் மண்மாரி பெய்யட்டும் என்று அறம் பாடியதாகச் சொல்லும் கதை உனக்கும் தெரியும். எனினும் அவருடைய சிலேடையில் ஒரு பக்கம் பாம்பு இருந்தால் இன்னொரு பக்கம் எள் இருக்கும். வையும்போதும் கேட்பவனின் மூளைக்கு வேலை வைத்தார். பையன் தன் வகுப்புத் தோழன் ஒருவனை டிஸ் செய்து எழுதப்போவதாகச் சொன்னபோது, காளமேகத்தின் தனிப்பாடல்களை அவன் கையில் கொடுத்தேன். தகர வரிசையை மட்டும் வைத்தே அவர் ஒரு வெண்பா முழுக்கப் பாடியிருப்பதைப் படித்துவிட்டு, “இது என்ன ஃப்ளோ சார்!” என்று வாயைப் பிளந்தான். தோழனைத் திட்டும் திட்டம் அதோடு மறந்துபோனது.

இப்போது அவன் எழுதியிருக்கும் புதுப் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

வாடகை வீடு, மாசம் பொறந்தா வாசல்ல ஆளு;
பாடுற எனக்குப் பாயும் போர்வையும் போதும், கேளு.

வாடகைக்குப் பாடுற எதுகை, வரிக்குள் மோனை, வாலில் ஆளுக்குக் கேளு, அதுவும் விகுதியால் வந்ததன்று. ஆளு என்ற நெடில் முரசின்மேல் சரியாக உட்காருகிறது, எதுவும் நசுங்கவில்லை. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. வீட்டுக்காரர் கேட்டால் வருத்தப்படுவாரோ என்று மட்டும் அவன் அம்மா கவலைப்படுகிறாள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பீட்டை, அதாவது பின்னணித் தாள இசையை, எடுத்துத்தான் இவன் பாடுகிறான். அதே பீட்டில் உலகம் முழுக்க நூறு பையன்கள் பாடியிருப்பார்கள். நான்கைவிட்டால் மூன்று, தகிட தகிட என்று ஓடும் ஓட்டம், அவ்வளவுதான் எல்லாருடைய கையிருப்பும். கண்ட நடை என்று ஒன்று உண்டு, ஐந்தாகப் போகும் என்று தகதகிட சொல்லிக் காட்டினேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “அஞ்சுல எப்படி சார் ராப் பண்றது?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். ஆகவே மிருதங்கத்தின் உறையைப் பிரித்து, தோல் கெட்டுப்போகாமல் இருந்தால், கண்ட நடையில் நிதானமாக நான்கைந்து ஆவர்த்தனம் வாசித்து, பேரனை விட்டு அலைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல். போர்வை போர்த்திக்கொள்வது எப்படி என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டில் எல்லாரும் நலம். கமலம் உன்னையும் தங்கையையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
வேங்கடசாமி