திருச்சியின் விழாக்கால விளக்குகள்: எங்கள் ஒளிப்பட மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களும் புதிய உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பும் வழக்கம்போல் நடைபெற்றன. அவற்றின் விவரங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி நாம் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்ட ஒரே பணியை, அதாவது நம் ஊரின் விழாக்கால விளக்குகளைத் திறந்த வெளியில் படம்பிடித்த பணியைப் பற்றி மட்டுமே இவ்வறிக்கையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தீர்மானம் பிறந்த காரணத்தைப் புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு கண்காட்சிக்கு வந்த விழாப் படங்களை ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது, எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கன்னங்கரிய பின்னணியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் தெரிந்தனவே தவிர, அது மலைக்கோட்டையா, மாதா கோவிலா, யாருடைய வீட்டு வாசலா என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. கேமராவில் குறை இல்லை. நாம் அனைவரும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குமேல் கிளம்பிப் போனதுதான் குறை. முழு இருட்டில் எரியும் விளக்குக்கும் அதைச் சுற்றியுள்ள சுவருக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை எந்தக் கேமராவாலும் ஒரே படத்தில் அடக்க முடியாது. விளக்கைக் காப்பாற்றினால் சுவர் போய்விடும், சுவரைக் காப்பாற்றினால் விளக்கு வெந்து வெறும் வெள்ளையாகிவிடும்.

வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும்போதே படம்பிடித்தால் அந்த வேறுபாடு தானாகவே குறைகிறது. வானொளி, கட்டடத்தின் நிழற்பகுதிகளை மெல்ல நிரப்புகிறது. கூரையின் விளிம்பு வானத்திலிருந்து பிரிந்து தெரிகிறது. விளக்கின் மஞ்சளுக்கு எதிரே நீலம் நிற்பதால் மஞ்சளும் மஞ்சளாகவே விளங்குகிறது. ஆனால் இதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. சூரியன் மறைந்து அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்வரை உள்ள அந்தி, திருச்சியில் சுமார் 22 நிமிடம்தான். ஐரோப்பா போல் வடக்கே தொலைவில் உள்ள நாடுகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீண்டிருக்கும். நம் அட்சரேகையில் அது ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியர் எழுதிய கையேடுகளைப் படித்துவிட்டு, ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி நிதானமாக முக்காலியை விரித்த உறுப்பினர்கள் ஏமாந்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். நம் வீடுகளில் ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்று சொல்லும் அந்தப் பொழுதே நாம் களத்தில் நிற்க வேண்டிய பொழுது என்பதும், அதற்கு அரை மணி முன்பே இடத்தைத் தேர்ந்து நின்றுவிட வேண்டும் என்பதும் இவ்வாண்டின் விதியாயின.

முதல் உலா தீபாவளிக் கடைவீதியில் நடந்தது. அக்டோபர் 31 அன்று தீபாவளி என்பதால், அதற்கு முந்தைய வார இறுதியில் என்.எஸ்.பி. சாலையிலும் பெரிய கடைவீதியிலும் நின்றோம். அங்கே முக்காலிக்கு இடமில்லை, வைப்பதும் முறையில்லை. கைக்குழந்தையோடும் பைகளோடும் மக்கள் நெருக்கியடித்து நடக்கும் வீதியில் மூன்று கால்களைப் பரப்பி வைப்பது, பிறர் தடுக்கி விழ நாமே வழி செய்வதாகும். ஆகவே கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ மதிப்பை 1600 முதல் 3200 வரை உயர்த்திக் கையில் பிடித்தே எடுத்தோம்.

இவ்விடத்தில்தான் பலரும் முறையிட்ட அந்தப் பட்டைகள் வந்தன. கடைகளின் முகப்பில் தொங்கிய எல்இடி சீரியல் செட்டுகளை வேகமான ஷட்டரில், அதாவது ஒளி நுழையும் திரை மிகக் குறைந்த நேரமே திறக்கும்படி எடுத்தபோது, சில பாதி அணைந்தும், படத்தின் குறுக்கே கருமையான பட்டைகள் விழுந்தும் இருந்தன. கேமரா பழுதாகிவிட்டதாக இருவர் எண்ணிவிட்டனர். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் அத்தகைய விளக்குகள் விநாடிக்கு 100 முறையும், மலிவான சீரியல் செட்டுகள் பல 50 முறையும் அணைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பை வேகமான ஷட்டர் பிடித்துவிடுகிறது. 1/50 விநாடி அல்லது அதைவிட மெதுவான ஷட்டரை வைத்தபின் பட்டைகள் மறைந்தன. ஓடும் விளக்குகளுக்கு மட்டும் தனிக் கணக்கு வேண்டும். ஒரு சுற்று முழுவதும் ஷட்டர் திறந்திருந்தால் எல்லாப் பல்புகளும் எரிவதுபோல் பதிவாகும். ஓட்டத்தைக் காட்ட வேண்டுமானால் அதைவிடக் குறைந்த நேரம் திறக்க வேண்டும்.

கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறேன். இவ்வாண்டின் சிறந்த படங்களும், மன்றம் கற்றுக்கொண்ட பெரும்பாலான பாடங்களும் அந்த ஒரு மாலையில் கிடைத்தவை. டிசம்பர் 13 அன்று திருச்சியில் சூரியன் மறைந்தது மாலை 5.50-ஐச் சற்றுத் தாண்டிய பொழுதில். மலைக்கோட்டை உச்சியில் தீபம் ஏற்றப்படுவது 6 மணியளவில். தீபம் எரியத் தொடங்கி வானம் கருக்கும்வரை ஏறத்தாழக் கால்மணி நேரமே எஞ்சியிருந்தது என்பதை இதிலிருந்தே உணரலாம். நம் முன்னோர் குறித்த வேளையும் ஒளிப்படக்காரனுக்கு வேண்டிய வேளையும் ஒன்றாக அமைந்திருப்பதை நான் மிகுந்த நன்றியோடு நினைக்கிறேன்.

உறுப்பினர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தோம். காவிரிப் பாலத்துக்குச் சென்ற குழு முதல் சில நிமிடங்களிலேயே ஏமாற்றமடைந்தது. ஒவ்வொரு பேருந்து கடக்கும்போதும் பாலம் அதிர்ந்ததால், இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று திறந்த படங்கள் எல்லாம் இரட்டை இரட்டையாகப் பதிந்தன. எவ்வளவு கனமான முக்காலியும் தான் நிற்கும் தரை ஆடினால் பயன்படாது. முன்னதாக வந்து ஒரு முறை சோதித்துப் பார்த்திருந்தால் அம்மா மண்டபம் படித்துறைக்கே போயிருக்கலாம். இரண்டாம் குழு அங்கே ஆற்றின் வடகரையில் நின்று தெற்கு நோக்கி எடுத்த படங்களில் மலை, அதன் மேல் சுடர், வலப்புறம் மங்கிக்கொண்டிருந்த மேற்கு வானத்தின் சிவப்பு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டன.

ஆனால் சுடரின் வடிவத்தைப் பெறுவதில் சிக்கல் இருந்தது. மலையும் ஊரும் தெரிய வேண்டுமானால் ஐஎஸ்ஓ 200, லென்சின் துளை எஃப் 8 என்ற அளவில் சில விநாடிகள் திறக்க வேண்டும். அத்தனை நேரத்தில் காற்றில் அசையும் தீபம் ஒரு வெள்ளை உருண்டையாகிவிடும். சுடர் சுடராகத் தெரிய 1/60 விநாடி போதும், ஆனால் அப்போது மலை தெரியாது. இரண்டு படங்களையும் கணினியில் இணைத்த உறுப்பினர் ஒருவர் அதை அப்படியே போட்டிக்கு அனுப்பினார். செயற்குழுவில் இதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒரே முக்காலி நிலையில், ஒரே நிமிடத்தில் எடுத்த படங்களை இணைப்பதை ஏற்கலாம் என்றும், அதைப் படத்தின் அடியில் எழுதிக் காட்ட வேண்டும் என்றும், வேறு நாளின் நிலவையோ வேறு ஊரின் வானத்தையோ ஒட்டுவதை ஏற்பதில்லை என்றும் முடிவாயிற்று. விழா என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் நிகழ்வது. அந்த நாளைத்தான் நாம் பதிவு செய்கிறோம் என்பதால் இம்முடிவை நான் முழு மனத்துடன் ஆதரித்தேன்.

மூன்றாம் குழு மலையடிவாரத்தில் வடக்கு ஆண்டார் வீதி, கீழ ஆண்டார் வீதி வீடுகளின் வாசல்களுக்குச் சென்றது. முந்தைய நாள் மழையின் ஈரம் தரையில் இருந்ததால், கோலத்தைச் சுற்றி வைத்த அகல்கள் தரையிலும் ஒரு முறை எரிந்தன. ஒளியின் நிறத்தை நிறவெப்பநிலை என்று கெல்வினில் அளப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். எண்ணெய் விளக்கின் நிறவெப்பநிலை சுமார் 1,900 கெல்வின். கேமராவைத் தானியங்கி நிறச் சமன்பாட்டில் விட்டால், அந்தப் பொன்னிறத்தைப் பிழை என்று எண்ணித் திருத்த முயலும், படமும் வெளுத்துவிடும். 3,000 கெல்வினுக்குச் சற்று மேலே நிலையாக வைத்து, கேமரா திருத்தாத மூலப்பதிவான ரா கோப்பாகவும் எடுத்தவர்களின் படங்களில் அகலின் நிறம் அகலின் நிறமாகவே நின்றது. பக்கத்து வீட்டு எல்இடி குழல் விளக்கு சுமார் 6,500 கெல்வினில் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டால் எந்தத் திருத்தமும் உதவாது. இரண்டு அடி நகர்ந்து நிற்பதே வழி. ஃபிளாஷை யாரும் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். அகல் விளக்கின் மேல் ஃபிளாஷ் விழுந்தால் மிஞ்சுவது மண்ணும் எண்ணெய்க் கறையும்தான்.

அம்மாலையில் ஒரு வருத்தமான நிகழ்வும் நேர்ந்தது, அதை மறைப்பது முறையாகாது. நம்முடன் வந்த ஒருவர், வரிசை நேராக வர வேண்டும் என்று, ஒரு வீட்டார் ஏற்றி வைத்த அகலைக் கேட்காமலே நகர்த்தி வைத்தார். அந்த வீட்டு அம்மையார், “ஏத்தி வெச்ச விளக்க ஏம்பா எடுக்குறே?” என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, மனம் வருந்தினார். செயலாளர் என்ற முறையில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவை நமக்காக வைத்த காட்சிப்பொருள்கள் அல்ல. அனுமதி கேட்காமல் வாசலில் நிற்பதில்லை, எதையும் தொடுவதில்லை, படம் எடுத்த வீட்டுக்கு அச்சுப்படி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற மூன்றையும் மறுநாளே சுற்றறிக்கையாக அனுப்பினேன். பொங்கலுக்கு முன் அந்த வீதியின் வீடுகளுக்கு அச்சுப்படிகளைக் கொண்டு சென்றபோது, அதே அம்மையார் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்ததை உறுப்பினர்கள் அறிவார்கள்.

கிறிஸ்துமஸ் முந்தைய மாலை தெப்பக்குளத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடினோம். குளத்துக்கு மேற்கே லூர்து அன்னை ஆலயத்தின் கோதிக் கூர்கோபுரம், அதன் பின்னே அந்தி வானம், முன்னே நீர். இதைவிட ஏற்ற இடம் நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. எதிர்க்கரையிலிருந்து மலைக்கோட்டையைக் கிழக்கு நோக்கி எடுத்தவர்களுக்கு வானம் முன்னதாகவே இருண்டுவிட்டது. மேற்கைவிடக் கிழக்கு விரைவில் கருக்கும் என்பதை அவர்கள் அங்கே கண்டுகொண்டார்கள். ஆலயத்தை நெருங்கிக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தெரியும். விலகி நின்று கேமராவை மட்டமாக வைத்து, கீழே தேவையற்றதைப் பின்னர் வெட்டிக்கொள்வது நல்லது. லென்சின் முன் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தவர்களின் படங்களில், ஒவ்வொரு நட்சத்திர விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைநிறப் போலிப் புள்ளி விழுந்திருந்தது. இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏ.சி. காரிலிருந்து நேராக வெளியே எடுத்த இரண்டு கேமராக்களின் லென்சுகள் பனித்துப்போய், அந்தியின் பாதி நேரம் துடைப்பதிலேயே கழிந்தது. பையை முன்கூட்டியே வெளியே வைத்துப் பழக்கியிருந்தால் இது நேர்ந்திராது.

ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறப்பு விடியலுக்கு வெகு முன்பே நடைபெற்றது, அப்போது வானம் முழு இருட்டு. நாங்கள் கூட்டத்துக்குள் போகவில்லை. தெற்கே விலகி நின்று, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரத்தின் வண்ண விளக்குகளை எடுப்பதே திட்டம். மாலைக்கு உள்ள நீலப்பொழுது காலைக்கும் உண்டு என்பதால் 5.50 மணியிலிருந்து காத்திருந்தோம். படங்களைக் கணினியில் திறந்தபோது பலருக்கும் அதிர்ச்சி. கேமராவின் திரையில் அளவாகத் தெரிந்த படங்களில், சிவப்பும் நீலமும் பட்ட நிலைகளின் சுதை உருவங்கள் விவரமற்ற வண்ணத் திட்டுகளாக இருந்தன. ஒரே நிற விளக்கு, மூன்று வண்ணத் தளங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி வழியவிடும். கேமராவில் மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தில் அது தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பார்த்து ஒரு ஸ்டாப்போ (அதாவது பாதியாகவோ) ஒன்றரை ஸ்டாப்போ ஒளியைக் குறைத்தவர்களுக்கே உருவங்களின் முகம் கிடைத்தது.

கைப்பேசியால் மட்டும் படம் எடுக்கும் உறுப்பினர்களைப் பற்றியும் கூற வேண்டும். அவர்களைத் தனிப் பிரிவில் வைக்க வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. இரவு முறையில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தானே இணைத்துக்கொள்கிறது. ஒரு சுவரிலோ திண்ணையிலோ சாய்த்து அசையாமல் பிடித்து, திரையில் விளக்கின் மேல் விரலால் தொட்டு ஒளியைச் சற்றுக் குறைத்தால் போதும். கண்காட்சிக்குத் தேர்வான கார்த்திகைப் படங்களுள் ஒன்று கைப்பேசியில் எடுத்தது.

வரும் ஆண்டில் செயற்குழு முன்வைக்கும் கோரிக்கைகள் இரண்டே. ஒரே மாலையில் மூன்று இடங்களுக்கு ஓடாமல், ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தேர்ந்து அந்த 22 நிமிடமும் அங்கேயே நிற்க வேண்டும். கார்த்திகைக்கு ஆண்டார் வீதிகளுக்கே மீண்டும் சென்று, இவ்வாண்டு எடுத்த வாசல்களையே அடுத்த ஆண்டும் எடுக்க வேண்டும். அகல்களின் இடத்தில் எல்இடி அகல்கள் வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், அதே வாசல்களை ஆண்டுதோறும் எடுத்து வைத்தால் மன்றத்திடம் ஒரு பதிவு சேரும். அச்சுப்படிகளுக்கான செலவை நிதிநிலைத் திட்டத்தில் தனித் தலைப்பாகச் சேர்க்குமாறு பொருளாளரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.

வாசலில் நிற்க எங்களுக்கு இடம் தந்த வீட்டார்க்கும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணிக்கிடையே பொறுமையாக வழிகாட்டிய காவலர்களுக்கும் மன்றத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்