சோதனை மேசையில் சொல்லித்தந்தவருக்கு நன்றி

அயர்லாந்தின் கால்வே நகரில், இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிக்கும் பலூன் கத்தீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) செய்கிற ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டேன். மேலாளர்களுக்கு நேரில் நன்றி சொல்லியாயிற்று. இந்தப் பதிவு சோதனைப் பிரிவில் இருக்கும் மூத்த டெக்னீஷியன் ஒருவருக்கு. பெயர் போட்டால் கூச்சப்படுவார், அதனால் போடவில்லை.

பலூனை உடல் வெப்பத்தில் இருக்கும் நீரில் முக்கி, வெடிக்கும்வரை அழுத்தத்தை ஏற்றுவோம். அழுத்த அளவைக் குறித்ததோடு சோதனை முடிவதில்லை என்று புரியவைத்தவர் அவர்தான். கிழிந்த பலூனை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். நீளவாக்கில் கிழிந்தால் சுருங்கி வந்த வழியே வெளியே வந்துவிடும். குறுக்கே சுற்றிக் கிழிந்தால், இழுக்கும்போது ஒரு துண்டு ரத்தக்குழாய்க்குள்ளேயே தங்கிவிடலாம். அதனால் ஒவ்வொரு கிழிசலையும் நோயாளியை மனதில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு ஆழமாகச் சொன்னதில்லை.

ஆன்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் தன் வீட்டுச் சமையலறையில் பலூன் செய்து பார்த்ததையும், 1977-ல் சூரிச்சில் பலூனால் அடைப்பை விரிக்கும் முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையைச் செய்ததையும் தேநீர் இடைவேளையில் அவர் சொல்லித்தான் கேட்டேன். என் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதைச் சொன்னேன். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாவின் நலம் விசாரிப்பார்.

ரொம்ப நன்றிங்க. என் இறுதியாண்டு புராஜெக்ட் பலூன் கிழியும் விதத்தைப் பற்றித்தான். முடிந்ததும் முதல் பிரதி உங்களுக்கு.