படம் வரவில்லை என்றால் மையை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேர்ட் கோப்பை அச்செடுக்கும்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்து, படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக வந்தால் பலரும் உடனே மையை மாற்றுகிறார்கள். வண்ண மை தீர்ந்தால் நிறம் மாறும், கோடு விழும். படம் அடியோடு காணாமல் போவது அரிது.

முதலில் கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தி முன்னோட்டத்தைப் பாருங்கள். அங்கேயே படம் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வேர்டில். அங்கே இருந்தும் தாளில் வராவிட்டால் டிரைவரையோ (கணினியில் பிரின்டரை இயக்கும் மென்பொருள்) பிரின்டரையோ பார்க்க வேண்டும்.

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே என்று போனால் 'பிரின்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்ட்' என்ற வரி இருக்கும். அதில் டிக் இல்லையென்றால் வடிவங்களும் டெக்ஸ்ட் பாக்ஸ்களும் அச்சில் வராது. அடுத்து அட்வான்ஸ்டில் பிரின்ட் பகுதிக்கு இறங்கி 'யூஸ் டிராஃப்ட் குவாலிட்டி'யில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே வேலைக்கான இரண்டு கட்டங்களை இரண்டு மூலைகளில் ஒளித்து வைத்த புண்ணியவான் யாரோ!

படத்தின் அடிப்பகுதி மட்டும் ஒரு கீற்றாகத் தெரிகிறதா? படம் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' அமைப்பில், அதாவது ஒரு பெரிய எழுத்தைப் போல வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பத்தியின் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 12 பாயின்ட் (அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு) என்று வைத்திருந்தால் 3 அங்குலப் படத்துக்கும் அந்த 12 பாயின்ட் உயரம்தான் கிடைக்கும். மீதி வெட்டுப்படும். படத்தைச் சொடுக்கி, வரி இடைவெளியை 'சிங்கிள்' ஆக்கினால் முழுப் படமும் எழுந்து நிற்கும். இதைத் தெரியாமல் படத்தை நீக்கி நீக்கித் திரும்பச் செருகுவதில் பயனே இல்லை.

பென்டிரைவில் கொண்டுபோன கோப்பில் படத்துக்குப் பதில் சிவப்புப் பெருக்கல் குறி வந்தால், பெரும்பாலும் 'லிங்க் டு ஃபைல்' முறையில் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். கோப்பில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே. மூலப்படம் உள்ள கணினியிலேயே ஃபைல், இன்ஃபோ, 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' போய் 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' கொடுத்த பிறகு எடுத்துச் செல்ல வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் வேறு. 600 பிக்சல் அகலப் படத்தை 6 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான். திரையில் அது அழகாக இருக்கும், தாளில் பல்லிளிக்கும். தெளிவான அச்சுக்கு 300 வேண்டும், அதாவது 1,800 பிக்சல். நல்ல படத்தையும் வேர்ட் சேமிக்கும்போது சுருக்கிவிடலாம். அட்வான்ஸ்டில் 'டூ நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்பதைப் படம் செருகும் முன்பே டிக் செய்துகொள்ளுங்கள். சுருங்கிய பிறகு டிக் செய்தால் போன பிக்சல் திரும்பாது.

லேசர் பிரின்டரில் பாதிப் படத்தோடு பக்கம் நின்றால் அதன் நினைவகம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அச்சுத் தெளிவை 1200 டிபிஐயிலிருந்து (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) 600 ஆகக் குறையுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரின் அட்வான்ஸ்டு பகுதியில் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்து அச்செடுக்கலாம்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டர் வைத்திருப்பவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், பிரின்ட் என்று போய் 'இமேஜஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' கட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அச்சு வேலையில் இருக்கும் வாசகர்