பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேட்டை நாய் ஆகாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாய்க்கடிச் செய்தி வரும்போதெல்லாம் 'வேட்டை நாய் இனம்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. படிப்பவருக்கு அந்த இனத்தில் பிறந்ததே குற்றம் என்று தோன்றும். நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாய் உண்டு. என் பிள்ளைகள் தவழ்ந்ததும் நடை பழகியதும் அந்த நாய்களுக்கு நடுவில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மதுரையில் இருக்கும் என் மகளின் பிள்ளைகள் நாய் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். சிப்பிப்பாறைக் குட்டி பார்க்கலாம் என்றேன். மாப்பிள்ளை பதறிவிட்டார். "வேட்டை நாய் வேண்டாம் அத்தை, லேப்ரடார் வாங்கிக்கலாம்" என்றார். அவர் மட்டுமல்ல, படித்தவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். லேப்ரடாரும் வேட்டை நாய்தான். சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி வருவதற்காக வளர்த்த இனம் அது. கோல்டன் ரெட்ரீவருக்கும் அதே தொழில். காக்கர் ஸ்பேனியல் புதரிலிருந்து பறவையைக் கிளப்பிவிடும். பீகிள் முயலை மோப்பம் பிடித்துக் கூட்டமாய்த் துரத்தும். இவையெல்லாம் குழந்தைகளோடு பழகும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். நம் ஊர் நாய்க்கு மட்டும் வேட்டை என்ற பெயர் பழியாகிவிடுகிறது.

எந்த மாதிரி வேட்டை என்று கேட்டால் நாயின் குணம் பாதி புரிந்துவிடும். பறவையைப் பல் படாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டிய நாய் மனிதனை ஒட்டியே நிற்கும். பீகிள் மற்ற நாய்களோடு சுலபமாகச் சேரும், ஆனால் ஊளையிட்டுக் கூப்பாடு போடும், அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாரோடு சண்டைதான். சிப்பிப்பாறையும், கன்னி என்ற நம் ஊர் இனமும் கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை. வெளியில் காற்றாய்ப் பறக்கும், வீட்டுக்குள் வந்தால் சத்தம் போடாமல் ஒரு மூலையில் சுருண்டுகொள்ளும். வேற்று ஆளைக் கண்டால் ஒதுங்கும், தன் வீட்டு மனிதர்களிடம் உயிரையே வைத்திருக்கும். கோம்பை என்ற நம் ஊர் இனம் அப்படியில்லை. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. பழகியவர் கையில் அருமையான நாய், முதன்முதலாக நாய் வளர்க்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

முயல் வேட்டை முடிந்துபோன காலம் இது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். அப்படியானால் இந்த நாய்களுக்கு இனி என்ன வேலை? குடும்பத்தோடு வாழ்வதுதான். அதனால் இனம் வளர்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நல்ல குணத்தை. நான் பார்த்தவரை பலர் உயரம், நிறம், நெஞ்சு இறக்கம், ஓட்டம் இவற்றைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். "இது தாயைப் பாருங்க, யாரையும் கிட்ட விடாது" என்று அதையும் ஒரு தகுதியாகச் சொன்னவர் உண்டு. அந்த வீட்டிலிருந்து உடனே திரும்பிவிட்டேன்.

பேத்திக்குக் குட்டி தேடும்போது நான் முதலில் தாயைத்தான் பார்த்தேன். குட்டியை மட்டும் கூடையில் வைத்துக்கொண்டு தாயைக் காட்டாதவரிடம் வாங்கவே கூடாது. உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது தாய் நம்மை எப்படிப் பார்க்கிறது, வால் எங்கே இருக்கிறது, குட்டியைத் தூக்கவிடுகிறதா என்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். பயந்து நடுங்குகிற தாயின் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும்.

அடுத்தது, குட்டி எங்கே வளர்ந்தது என்பது. தோட்டத்துக் கொட்டகையில் ஆள் முகம் பார்க்காமல் மூன்று மாதம் கிடந்த குட்டிக்கு மிக்ஸி சத்தமும் பயம், பிள்ளைகள் ஓடினாலும் பயம். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பழகும் பழக்கம் ஆயுசுக்கும் நிற்கும். அடுப்படி வாசலில், பெண்கள் பிள்ளைகள் கால் நடுவே புரண்ட குட்டியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்காக இளங்குட்டியாக வாங்கிவிடவும் கூடாது. சந்தையில் ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்து 'நாற்பது நாள் குட்டி' என்று விற்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளே சொல்கின்றன. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. பால் மறக்குமுன் பிரித்தால் அந்தப் பாடம் நம் பிள்ளைகளின் கையில்தான் நடக்கும்.

ராஜபாளையம் நாய் வாங்குபவர்கள் காது கேட்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் அந்த இனத்தில் சேர்ந்து வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காது கேட்காத நாய் தூங்கும்போது குழந்தை திடீரென்று தொட்டால் துள்ளி எழுந்து கடிக்கக்கூடும். அதன்மேல் பழி சொல்லி என்ன செய்ய?

கடைசியில் செவலை நிறத்தில் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டைக்குட்டி கிடைத்தது. கூட்டத்தில் முந்தி அடித்துக்கொண்டு ஓடிவந்ததும் இல்லை, சுவரோரம் பதுங்கியதும் இல்லை. மடியில் மல்லாத்தினேன். கொஞ்சம் நெளிந்தது, அப்புறம் அடங்கி என் விரலை நக்கியது. பேத்தி அதற்குப் பவுனு என்று பெயர் வைத்திருக்கிறாள். இன்று மாப்பிள்ளை அலுவலகம் விட்டு வந்ததும் முதலில் தேடுவது பவுனைத்தான்.

அதன் வேட்டைப் புத்தி எங்கும் போய்விடவில்லை, போகவும் போகாது. பூனையோ கோழியோ ஓடினால் காலும் ஓடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் ஏறாது. அதனால் தெருவில் வார் இல்லாமல் விடுவதே இல்லை. தாழ்ந்த மதில் இதற்கு ஒரு தாண்டல். காலையும் மாலையும் நன்றாக ஓடிவிட்டால் பகலெல்லாம் தூங்கும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் எந்த நல்ல குட்டியும் கெட்டுப்போகும். விலா எலும்பு தெரிகிறதே, சோறு போடவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். அதன் உடல்வாகு அது. ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்தால்தான் தொந்தரவு. கருத்தடை செய்யப் போகும்போது, கொழுப்பில்லாத உடம்பு, மயக்க மருந்தில் கவனம் வேண்டும் என்று மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பேத்திக்குக் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறோம். சின்னப் பிள்ளையையும் நாயையும், அது எந்த இனமானாலும், தனியே விட்டுவிட்டு நகரக் கூடாது.

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு இவற்றுக்குக் கிராக்கி கூடியது. பெருமைக்கு வாங்கிய சிலர், ஓடவிட இடமில்லை என்று தெருவில் விட்டுவிட்டார்கள். விலங்குக் காப்பகங்களில் இப்போது நாட்டு இன நாய்களும் வந்து சேர்கின்றன. வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதில் ஒரு நன்மை உண்டு. குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும், வளர்ந்த நாயின் குணத்தைக் காப்பகத்தில் பார்த்துக்கொள்பவரே சொல்லிவிடுவார். குழந்தைகளோடு இருந்ததா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது என்று கேட்டு, பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பழகிப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தங்களிடம் இரண்டு கோரிக்கைகள். நாய்க்கடிச் செய்தி எழுதும்போது இனத்தின் பெயரோடு நிறுத்தாமல், அந்த நாய் எப்படி வளர்க்கப்பட்டது, கட்டிப்போட்டிருந்ததா, தடுப்பூசி போட்டிருந்ததா என்பதையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். பதிவு பெற்ற நாய் வளர்ப்பாளர்கள், காப்பகங்கள் பற்றிய விவரத்தைக் கால்நடை பராமரிப்புத் துறையிடம் வாங்கி மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள். பள்ளி விடுமுறைக்கு முன்பே வந்தால் நல்லது, பிள்ளைகள் நாய் கேட்டு அடம் பிடிப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.