கோத்தகிரிப் படத்தின் கீழே வந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வெளிவந்த தென்னிந்தியப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோத்தகிரிப் பக்கம் கொழுந்து எடுக்கும் மூன்று பெண்களின் படத்தைப் போட்டு, கீழே "கவலை அறியாத நீலகிரியின் பூர்வீகப் பெண்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தில் அவர்களுக்குப் பின்னால், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் பலகை தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தோட்டங்கள் யாருக்காக வந்தவை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தோட்டத் தமிழரான எங்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. எங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க நட்ட தேயிலை அது. நீலகிரியின் பூர்வீகக் குடிகள் என்றால் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலை ரயிலைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர், அந்த மூன்று பெண்களிடம் "எந்த ஊரம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

என் அக்கா 1973இல் அப்படி இந்தியாவுக்குப் போனவர். இங்கே அட்டனில் அவரைக் கோச்சி ஏற்றிய இரவு எனக்குப் பத்து வயது. பெட்டிக்குப் பெட்டி ஒப்பாரி. தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகுதான் மலையேறினார்கள். அவரைத் திரும்பப் பார்க்க 2018 வரை எனக்கு வாய்க்கவில்லை. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "ஏன்டா தம்பி, அப்பாவப் பொதச்ச எடத்துல இப்பவும் அந்தச் சவுக்கு மரம் நிக்கிதா?" என்பதுதான். இரண்டு வாரம் அவர் வீட்டில் இருந்தேன். விடியும் முன்னே எழும்பி, உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பாலில்லாத சாயத் தண்ணி குடித்துவிட்டுத்தான் மலைக்குப் போவார், எங்கள் அம்மா செய்தது போலவே. "அம்மாச்சி இன்னும் ரயிலைக் கோச்சின்னுதான் சொல்லும்" என்று பேத்தி சிரித்தாள். அங்கேயே பிறந்த அக்காவின் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சிலோன் பிள்ளைகள் என்றே கூப்பிட்டார்களாம். கட்டுரையாளர் தேடிப்போன அன்றாட வாழ்க்கை இதுதான், ஐயா. படமெடுத்த இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்திருந்தால் யாராவது ஒரு வீட்டில் தேங்காய் ரொட்டியும் கொடுத்திருப்பார்கள்.

"சின்ன லாட்ஜில் தங்கி உள்ளூர்வாசியாகவே வாழுங்கள்" என்றும் அவர் புத்தி சொல்கிறார். அக்காவைப் பார்க்கப் போன அந்தப் பயணத்தில் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் இறங்கினோம். இலங்கைப் பாஸ்போட்டைப் பார்த்ததும் இரண்டு லாட்ஜில் அறை இல்லை என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குச் சி படிவம் அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அந்த வம்பு வேண்டாமென்று சின்ன இடங்களில் தட்டிக் கழித்தார்கள். மனைவி பேக்கின் மேலே உட்கார்ந்து அழுதுவிட்டார். இதையெல்லாம் எழுதினால் போகிறவர்களுக்கு உதவும். மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், சார்க் நாட்டவரான நமக்கு இந்தியர்களைப் போலவே 40 ரூபாய்தான் என்பதையும் எழுதவில்லை. பலகையைப் படித்ததால் நான் அறிந்தேன்.

மனம் புண்பட்ட நேரத்தில் பழையதும் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள எல்ல என்ற ஊர் பற்றிய உங்கள் சிறப்பிதழின் அட்டையில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முன்னால் கூடையோடு ஒரு பெண் நின்றார். பாலத்தின் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. 2023இல் எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, இருநூறு வருடத்துக்கு முன் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நடந்த வழியே நடந்தார்கள். உங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி. அப்போதும் கடிதம் எழுதினேன். அது பத்திரிகையில் வரவில்லை. முப்பத்தொரு வருடம் தோட்டப் பள்ளியில் படிப்பித்தவன் நான். பிள்ளைகளை வாசிக்கப் பழக்கியது பாதி உங்கள் பத்திரிகையை வைத்துத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே. அடுத்த இதழில் அந்தப் படத்துக்குத் திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். எந்த வாரம் வருமென்று முன்கூட்டியே அறிவித்தால் மஸ்கெலியாவில் கடைக்காரரிடம் சொல்லி வைப்பேன்; இங்கே வருவதே சில பிரதிகள்தான். ஒன்றை அக்காவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.