சுஃப்ரெனின் கேப்டன்களை ஒட்டுமொத்தமாகக் கோழைகள் என்று எழுதாதீர்கள்

தமிழில் கடற்போர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும்,

வணக்கம். 1782, 1783 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். மூன்று போர்கள் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூர் கடலில். இரண்டு இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி. ஐந்திலும் இரு தரப்பும் ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூட எதிரியிடம் பறிகொடுக்கவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: சுஃப்ரென் மாவீரர், அவருக்குக் கீழே இருந்த கேப்டன்கள் கோழைகள், பொறாமைக்காரர்கள், அவர்களால்தான் வெற்றி கைநழுவியது. இந்தக் கதையை இப்படியே திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

சுஃப்ரென் பெரிய தளபதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழுது பார்க்கத் தக்க துறைமுகம் கையில் இல்லாமல், உடைந்த பாய்மரங்களை மாற்ற மரமில்லாமல், பருவக்காற்றுக் காலத்திலும் மொரீஷியஸுக்குத் திரும்பாமல் கிழக்குக் கடலிலேயே நின்றவர் அவர். ஆனால் அவருக்கும் கேப்டன்களுக்கும் நடந்த சண்டை சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீஷியஸ் தீவில் தொடங்கிவிட்டது. 1781 ஏப்ரலில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளில் உள்ள போர்த்தோ பிராயா துறைமுகச் சண்டையில் ‘அனிபால்’ கப்பலின் கேப்டன் இறந்துபோனார். அந்தக் கப்பலை அடுத்து யாருக்குக் கொடுப்பது? பிரான்சிலிருந்து சுஃப்ரெனுடன் வந்தவர்கள் ஒரு பக்கம், தீவிலேயே பல காலம் பணியாற்றியவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் பணிமூப்புதான் ஜெயித்தது. கப்பல் திரோம்லேன் என்ற மூத்த கேப்டன் கைக்குப் போனது. அப்போது சுஃப்ரெனுக்கு மேலே தோர்வ் என்ற தளபதி இருந்தார். 1782 பிப்ரவரி 9 அன்று அவர் கப்பலிலேயே இறந்ததும் மொத்தப் படையும் சுஃப்ரெனிடம் வந்தது. எட்டே நாளில், பிப்ரவரி 17 அன்று, சதுரங்கப்பட்டினம் எதிரே முதல் போர். ஒருவரையொருவர் நம்பாத மனிதர்கள் சுஃப்ரெனின் தலைமைக்குக் கீழ் வந்த எட்டே நாளில் ஒரே படையாக நிற்க வேண்டியிருந்தது.

அன்றைய திட்டம் அருமையானது. அன்று போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்று சண்டையிடும். ஆங்கிலேயரின் அந்த வரிசையின் பின்பகுதியை இரண்டு பக்கமும் வளைத்து அடிப்பது. இதைச் சுஃப்ரென் திரோம்லேனுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தை மறைத்துவிட்டுத் திரோம்லேனுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் போர் தொடங்கியதும் சுஃப்ரென் தன் ‘ஏரோ’ கப்பலை ஹியூஸின் கப்பலுக்கு நேரே நிறுத்தி அங்கேயே சண்டையிட்டார். பின்னால் வந்த கப்பல்களுக்குக் கிடைத்ததெல்லாம் கொடிமரத்தில் ஏறிய சைகைக்கொடிகள், அதுவும் பீரங்கிப் புகைக்கு நடுவே. இரண்டு கப்பல்கள் மட்டும் எதிரியின் மறுபக்கம் சுற்றிப் போயின. திரோம்லேன் உட்படப் பலர் தள்ளியே நின்றார்கள். அவர்களுக்கு மனமில்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் தளபதியின் கப்பல் எதிரே நிற்கும்போது வரிசையை விட்டு விலகிப் போவதைப் பெரிய குற்றமாகக் கருதிய காலம் அது.

எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு ஆங்கிலேயர்களின் சொந்தக் கதையே சாட்சி. 1744இல் பிரான்சின் தூலோன் துறைமுகம் அருகே அட்மிரல் மாத்யூஸ், வரிசை குலையக்கூடாது என்று சொல்லும் வரிசைக் கொடியை இறக்காமலேயே தாக்குதல் கொடியையும் ஏற்றிவிட்டு எதிரி மேல் பாய்ந்தார். அவருடன் ஏற்கெனவே பகை கொண்டிருந்த, பின்பகுதிக் கப்பல்களின் தளபதி லெஸ்டாக், வரிசைக் கொடி பறக்கிறதே என்று சொல்லிப் பின்னாலேயே இருந்துவிட்டார். விசாரணையில் லெஸ்டாக் விடுதலையானார், சண்டையிட்ட மாத்யூஸ் பதவி இழந்தார். அந்த விசாரணையில் நீதிபதிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர் பிங் என்ற அட்மிரல். 1756இல் மத்தியதரைக் கடலின் மினோர்க்கா தீவு அருகே அதே பிங், மாத்யூஸுக்கு நேர்ந்ததை நினைத்து வரிசை குலையாமல் போரிட்டார். எதிரியை முழு மூச்சாகத் தாக்கவில்லை என்று 1757இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரிசையை மீறியவருக்கும் தண்டனை, காத்தவருக்கும் தண்டனை. இது ஆங்கிலேயக் கடற்படையில் நடந்தது. ஆனால் புகைக்கு நடுவே கொடியைப் பார்த்து முடிவெடுக்கும் எந்த நாட்டுக் கேப்டனுக்கும் இருந்த இக்கட்டு இதுதான்.

நாகப்பட்டினம் வேறு கதை. 1782 ஜூலை 6 அன்று ‘செவேர்’ கப்பலின் கேப்டன் சியார் சரணடையக் கொடியை இறக்கச் சொன்னார். அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் கீழ்ப்படிய மறுத்துத் தொடர்ந்து சுட்டுக் கப்பலைக் காப்பாற்றினார்கள். இதற்கு யாரும் நியாயம் கற்பிக்க முடியாது, நானும் முயலவில்லை. சியாரையும் வேறு சில கேப்டன்களையும் சுஃப்ரென் பதவியிலிருந்து தூக்கினார். சியாரைத் தூக்கியது சரியே.

ஆனால் செப்டம்பர் 3 அன்று திருகோணமலை எதிரே நடந்ததை நிதானமாகப் படியுங்கள். வரிசை இன்னும் சேரவில்லை. தன் சைகையைக் கவனிக்கச் சொல்லிச் சுஃப்ரென் ஒரு பீரங்கி சுடச் சொன்னார். தாக்குதல் தொடங்கிவிட்டது என்று நினைத்து மற்ற கப்பல்களும் தூரத்திலிருந்தே சுட ஆரம்பித்தன. கடைசியில் ‘ஏரோ’, ‘இலுஸ்த்ர்’, ‘அஜாக்ஸ்’ மூன்றும் எதிரிக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டன. ‘ஏரோ’வின் நடுப் பாய்மரம் முறிந்து விழுந்தது. அன்று உதவிக்கு வராதவர்கள் மேல் சுஃப்ரெனுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் குழப்பத்துக்கு முதல் காரணம் அவருடைய பீரங்கிதான் என்பதும் புரிகிறது. இதைச் சொல்லாமல் கேப்டன்களை மட்டும் திட்டினால் எப்படி?

அந்தப் போருக்குப் பிறகு நான்கு கேப்டன்கள் விலக அனுமதி கேட்டுப் போய்விட்டார்கள். திரோம்லேன், மொரார் த கால், சேன்-ஃபெலிக்ஸ், லா லாந்தெல். இவர்களை ஒரே மூச்சில் கோழைகள் என்று எழுதுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 1796இல் பிரெஞ்சுக் குடியரசு அயர்லாந்துக்கு அனுப்பிய கடற்படைக்குத் தலைமை தாங்கியது இதே மொரார் த கால்.

சுஃப்ரென் தன் மனத்தில் இருப்பதைக் கேப்டன்களோடு உட்கார்ந்து பேசிப் புரியவைக்கும் ஆளாக இருக்கவில்லை. ஆங்கிலேய அட்மிரல் நெல்சன் 1798இல் எகிப்தில் நைல் கழிமுகப் போருக்கு முன் தன் கேப்டன்களைக் கப்பலுக்கு அழைத்துப் பேசிப் பேசித் திட்டத்தை அவர்களுடையதாகவே ஆக்கிவிட்டார். 1783 ஜூன் 20 அன்று கடலூர் எதிரே 15 பிரெஞ்சுக் கப்பல்கள் 18 ஆங்கிலேயக் கப்பல்களைச் சந்தித்தபோது சுஃப்ரெனும் சிக்கலான திட்டம் எதையும் போடவில்லை. நேருக்கு நேர் வரிசை, அவ்வளவுதான். எல்லாக் கப்பல்களும் சண்டையிட்டன. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூரில் முற்றுகைக்குள் இருந்த பிரெஞ்சுப் படை மூச்சுவிட்டது. அதற்குள் சில கேப்டன்கள் மாறியிருந்தார்களே என்று கேட்பீர்கள். சரி, அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாருக்கும் புரிந்த கட்டளை என்ற காரணத்தையும் அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. சியார் செய்தது வேறு, திரோம்லேன் செய்தது வேறு, மொரார் த கால் செய்தது வேறு. அடுத்த முறை எழுதும்போது அவரவர் பெயரைச் சொல்லி, எந்தப் போரில் அவருடைய கப்பல் எங்கே நின்றது, கொடிமரத்தில் என்ன கொடி பறந்தது, காற்று எந்தப் பக்கம் இருந்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். சுஃப்ரெனின் கடிதங்களை மேற்கோள் காட்டும்போது அவை கோபத்தில் இருந்த ஒரு தரப்பின் வாக்குமூலம் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவன்