முகிலனைப் பிடிக்கும் கை எங்கே இருக்க வேண்டும்?

அன்புள்ள முகிலனின் அம்மாவுக்கு,

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். முகிலனுக்கு 11 மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் 32 வாரத்தில் பிறந்தவன். 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு என்பதால், ஏறத்தாழ 9 மாதக் குழந்தையாக நினைத்துத்தான் அவன் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். 2 வயதுவரை இப்படிக் கழித்தே பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுப்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது 9.2 மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடுகிறது. முகிலன் அந்த எல்லையில் இருக்கிறான், ஆனால் இன்னும் அப்படி உட்காரவில்லை. காலும் விறைக்கிறது, நிறுத்தினால் நுனிக்காலில் ஊன்றுகிறான். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்று காத்திருக்காதீர்கள். டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தது சரி.

பயிற்சி என்றதும், யாரோ அரைமணி நேரம் காலை நீட்டி மடக்கிவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அசைவைக் கற்றுக்கொள்ள வேண்டியது குழந்தையின் மூளை. அவனே முயன்று, சரிந்து, நிமிர்ந்தால்தான் மூளை கற்கும். உங்கள் கை தேவையான அளவுக்குத் தாங்கிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

காலை நேரே நீட்டி உட்காரவைத்தால் அவன் முதுகு கூன் போடுகிறது, இல்லையா? முதுகில் பலம் இல்லாதது மட்டும் காரணமில்லை. தொடையின் பின்தசை இறுகியிருப்பதால் அது இடுப்பெலும்பைப் பின்னால் இழுக்கிறது. அதனால் ஒரு குட்டி ஸ்டூலில், பாதம் முழுவதும் தரையில் படும்படி உட்காரவையுங்கள். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை அளந்தால் கிடைப்பதே ஸ்டூலின் உயரம். இந்த வயதில் 15 செ.மீ. பக்கம் வரும். முழங்கால் மடங்கியதும் இறுக்கம் தளர்ந்து முதுகு நிமிரும்.

அக்குளில் பிடிக்காதீர்கள். அங்கே பிடித்தால் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் வேலையே இல்லாமல் போகிறது. நெஞ்சில் தொடங்கி, அவன் நிலையாக இருக்க இருக்க இடுப்புக்கு, பிறகு தொடைக்குக் கையை இறக்குங்கள். பொம்மையை நேர் எதிரே வைத்தால் உடம்பு அசையாது. பக்கவாட்டில், கை எட்டும் தூரத்துக்கு இரண்டு விரற்கடை அப்பால் வையுங்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கத் தசை இழுத்துப்பிடித்து, அவன் திரும்பி மையத்துக்கு வரவேண்டும். உட்காரப் பழகுவது அந்தச் சில விநாடிகளில்தான். சாயத் தொடங்கியதும் நிமிர்த்திவிடாமல், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள்.

எழுந்து நிற்பதும் அந்த ஸ்டூலிலிருந்துதான். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினால் உடம்பு பின்னால் சாயும், கால் விறைக்கும், குதிகால் எழும்பும். அதற்குப் பதிலாக எதிரே தாழ்வாக ஒரு பொருளைக் காட்டி, அவன் மூக்கு கால்விரல்களைத் தாண்டும் அளவுக்கு முன்னால் குனிய விடுங்கள். முழங்கால்களின் மேல் கை வைத்து எடையைக் குதிகால் பக்கம் லேசாக அழுத்துங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளில் நாலைந்து தடவை போதும். தூங்கி எழுந்தபின், பால் குடித்து அரைமணி கழித்துச் செய்யுங்கள். கண்ணைக் கசக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். அழவைத்து வாங்கும் அசைவு நிலைக்காது.

கெண்டைக்கால் தசையை நீட்டும்போது முழங்கால் நேராக இருக்கட்டும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக் கீழே இழுங்கள். முன்பாதத்தை மட்டும் தள்ளினால் பாதத்தின் நடுவில்தான் வளையும், தசை நீளாது. வெடுக்கென்று இழுத்தால் விறைப்பு கூடும். மெதுவாக 30 விநாடி பிடியுங்கள். இது அசைவுக்கு இடம் கொடுக்கும், அவ்வளவுதான். உட்காரவோ நிற்கவோ கற்றுக்கொடுக்காது.

பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும், வெந்நீர் தசையைத் தளர்த்தும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் தொடையை வலிந்து விரிப்பதும் மட்டும் வேண்டாம். விறைப்புள்ள குழந்தைக்கு இடுப்பு மூட்டு நழுவும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாக்கர் வாங்கியிருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் குழந்தை நுனிக்காலால் உந்தித்தான் போகும். முகிலனுக்குக் குறைக்க வேண்டிய பழக்கமே அதுதான். விழும் ஆபத்தைக் கருதி கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

எப்போது நடப்பான் என்று கேட்டிருந்தீர்கள். இன்று தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு இலக்கு வையுங்கள்: தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் விளையாட வேண்டும். வாரம் ஒருமுறை வீடியோ எடுத்துவையுங்கள். ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டாலோ பயிற்சி நாள்வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

தனியார் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், அரசு மருத்துவமனையில் உங்கள் மாவட்டத்துக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். போகும்போது அந்தக் குட்டி ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போங்கள். முகிலனை அதில் உட்காரவைத்து, உங்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்கள் நேரில் பார்த்துத் திருத்தட்டும்.

அன்புடன்,
குழந்தைகள் பிசியோதெரபிக் குழுவினர்